புதுச் சூளையும் முதல் நெருப்பும்

புதிதாக ஒரு சூளை கட்டி முடிந்ததும் நமது நாட்டில் நல்ல நாள் பார்ப்பார்கள். வாயிலில் மாவிலைத் தோரணம் கட்டிச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். முதலாளி குடும்பத்தோடு வந்து நிற்பார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியானதும் தொழிலாளி ஒருவர் குனிந்து நெருப்பு வைப்பார். இந்த வழக்கத்தில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. தொழிலைத் தெய்வமாக மதிக்கும் ஜனங்கள் அதைப் பக்தியுடன் ஆரம்பிப்பது நியாயமே. ஆனால் நாம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. குறித்த முகூர்த்தத்துக்குள் நெருப்பு மூட்டியே ஆகவேண்டும் என்ற அவசரத்தில், சூளை அந்த நெருப்பை ஏற்கத் தயாராக இருக்கிறதா என்று பரிசோதித்தவர் யார்? "இன்று வேண்டாம், இன்னும் வேலை பாக்கி இருக்கிறது" என்று சொல்லும் அதிகாரம் அங்கே யாருக்கு இருந்தது? குனிந்து நெருப்பு வைத்தவருக்கு நிச்சயமாக இல்லை. உயிருக்கு அபாயம் நேர்ந்தால் முதலில் நேர்வது அவருக்கே.

விருத்தாசலத்தை முன்னிட்டே இதை எழுதுகிறோம். திருமுதுகுன்றம் என்று புராதன காலத்தில் பேர்பெற்ற அந்த க்ஷேத்திரம், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் பீங்கான் தொழிலால் புதுப்பேர் பெற்றது. மணிமுத்தாற்றங்கரை நகரில் சிட்கோவின் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது; பீங்கான் தொழிலைக் கற்பிக்கும் அரசினர் தொழில்நுட்பப் பயிலகமும் இருக்கிறது. மின்சார பியூஸ் கட்டைகள், இன்சுலேட்டர்கள், நவராத்திரிக் கொலுவுக்குப் போகும் பொம்மைகள், ஜாடிகள் எனப் பலவகைப் பண்டங்கள் அங்கே உருவாகின்றன. இத்தொழிலில் பெரும் பகுதி சிறு முதலாளிகள் கையில் இருக்கிறது. குடும்பமும் நாலைந்து தொழிலாளரும் சேர்ந்து நடத்தும் பட்டறைகள் பல. பச்சைப் பண்டங்களைப் பொதுச் சூளையில் கொடுத்துச் சுட்டு வாங்கிய காலமும் உண்டு. பழைய சூளைகளைக் களைந்து, எரிவாயுவால் எரியும் புதிய சூளைகளை அமைத்தால்தான் இத்தொழில் குஜராத்தின் மோர்பி நகரத்தோடும் அன்னிய நாட்டுச் சரக்கோடும் போட்டியிட முடியும் என்று அறிந்தோர் கூறுகின்றனர். அந்த அபிப்பிராயத்தை நாமும் ஒப்புக்கொள்கிறோம். புதிய சூளைகள் வரட்டும், ஏராளமாக வரட்டும். அவற்றில் முதல் நெருப்பு எப்படி மூட்டப்படும் என்பதே நமது கவலை.

இந்தக் கவலை காரணமற்றதென்று யாரும் கூறமுடியாது. விருத்தாசலத்திலிருந்து சிறிது தொலைவிலேயே நெய்வேலி இருக்கிறது. 2020-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி, அங்குள்ள இரண்டாவது அனல் மின் நிலையத்தின் ஆறாவது பிரிவில் பாய்லர் வெடித்தது. எட்டுப் பேர் தீக்காயம் அடைந்தனர். அவர்களில் சிலர் பின்னர் மாண்டனர். கொரோனா ஊரடங்கில் மூடப்பட்டிருந்த ஆலைகள் திறக்கத் தொடங்கியிருந்த சமயம் அது. அதே தேதியில் விசாகப்பட்டினத்தில், ஊரடங்குக்குப் பின் மறுபடி இயங்கவிருந்த ரசாயன ஆலையொன்றிலிருந்து ஸ்டைரீன் என்னும் விஷவாயு கசிந்து 12 பேரைக் கொன்றது. இரண்டே நாட்களில், மே 9-ந் தேதி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆலைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பிற்று. மூடிக் கிடந்த ஆலையை மறுபடி ஓட்டும்போது முதல் வாரத்தைப் பரீட்சைக் காலமாகக் கருதவேண்டும். அந்த வாரத்தில் உற்பத்தியைப் பெருக்க முயலக்கூடாது. எல்லாப் பாதுகாப்பு முறைகளும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவேண்டும் என்பது அதன் சாரம். சர்க்கார் காகிதங்களில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டவை சிலவே.

அந்த அறிக்கையின் மை உலர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை. ஜூலை முதல் தேதி காலையில் அதே மின் நிலையத்தின் ஐந்தாவது பிரிவில், நிறுத்தி வைத்திருந்த யந்திரத்தை மறுபடி இயக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது பாய்லர் வெடித்தது. ஆறு பேர் அங்கேயே மாண்டனர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் மேலும் பலர் வரிசையாக உயிர்நீத்தனர். இரண்டு விபத்துக்களிலுமாகப் பதினைந்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஆதரவு இழந்தன. இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரே அதிகம். இஞ்சினீயர்களும் நிபுணர்களும் நிறைந்த மத்திய சர்க்கார் நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், அயலூரில் நாலு தொழிலாளரோடு சூளை நடத்தும் சிறு முதலாளியின் நிலைமையை என்னவென்பது?

வடக்கே நடந்த ஒரு விபத்தையும் சொல்லவேண்டும். அது புது உலையைப் பற்றியதே. உத்தரப் பிரதேசத்தில் ராய்பரேலி ஜில்லாவிலுள்ள உஞ்சாகார் அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் சக்தியுள்ள ஆறாவது பிரிவு 2017-ல் இயங்கத் தொடங்கிற்று. அவ்வருஷம் நவம்பர் முதல் தேதி, அதன் உலையின் அடியில் சாம்பல் கட்டிகட்டியாக இறுகி வழியை அடைத்துக்கொண்டது. அத்தகைய சமயத்தில் உலையை நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு சுத்தம் செய்வதே முறை. உலை எரிந்துகொண்டிருக்கையிலேயே அடைப்பை நீக்க முயன்றார்கள். உள்ளே அமுக்கம் மிகுந்து, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் வெளியே பாய்ந்தன. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புது யந்திரம் என்பதால் அபாயம் குறைவு என்று எண்ணுகிறவர்கள் உஞ்சாகாரை நினைத்துக்கொள்வார்களாக. புது யந்திரத்தின் குறைகள் ஓட்டிப் பார்த்த பின்பே தெரியவரும். அதன் குணத்தை இன்னும் யாரும் அறியவில்லை என்பதே அதன் பெரிய அபாயம்.

மின் நிலையத்துப் பாய்லர் வேறு, பீங்கான் சூளை வேறு என்று சிலர் சொல்லலாம். அமைப்பில் வேறுதான். ஆனால் நெருப்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். எல்.பி.ஜி. என்று நாம் வீட்டில் எரிக்கும் வாயு, காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே வெடிக்கும் நிலையை அடைகிறது. ஐந்து கன மீட்டர் உள்ளளவுள்ள ஒரு சாதாரணச் சூளையை எடுத்துக்கொண்டால், அதில் நூறு லிட்டர் வாயு சேர்ந்தால் போதும். அந்த நூறு லிட்டரின் எடை சுமார் 200 கிராம். அதாவது வீட்டுச் சிலிண்டர் ஒன்றிலுள்ள 14.2 கிலோவில் எழுபதில் ஒரு பங்கு! சரியாக மூடாத ஒரு வால்வு, பற்றாமல் போன ஒரு பர்னர், இரண்டாம் முறை அவசரமாகக் கிழித்த ஒரு தீக்குச்சி, இவை மூன்றும் சேர்ந்தால் சூளைக் கதவு சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அன்றியும் இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளங்களிலும் சாக்கடையிலும் தேங்கி நிற்கும். விறகிலும் எண்ணெயிலும் பழகிய கைகளுக்கு இது புதிய சத்துரு. விறகு புகையைக் காட்டி எச்சரித்தது. வாயுவோ கண்ணுக்குத் தெரியாது.

இதற்குப் பரிகாரம் உலகம் அறிந்ததே. நெருப்பு வைக்குமுன் சூளையின் உள்ளளவைப்போல் நான்கு மடங்கு சுத்தக் காற்றையாவது விசிறியால் உள்ளே செலுத்தி, தேங்கிய வாயுவை வெளியேற்றவேண்டும். பர்னர் சில விநாடிகளில் பற்றாவிட்டால் வாயு தானே அடைபடவேண்டும். அடைபட்டபின் மறுபடி காற்றைச் செலுத்தியே இரண்டாம் முறை முயலவேண்டும். சுடர் அணைந்துவிட்டால் அதைக் கண்டுபிடித்து உடனே வாயுவை நிறுத்தும் கருவி வேண்டும். வாயுக் குழாயில் வரிசையாக இரண்டு வால்வுகள் இருக்கவேண்டும். ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும். குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் சோப்பு நீர் தடவிச் சோதிக்கவேண்டும். தீக்குச்சி கிழித்துக் கசிவு தேடுவது தற்கொலைக்குச் சமம். இந்தக் கருவிகள் வெறுமனே இருந்தால் போதாது. சூளை மூட்டுமுன் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே இயக்கிப் பார்க்கவேண்டும். விசிறியை நிறுத்தினால் வாயு நிற்கிறதா? மின்சாரம் போனால் நிற்கிறதா? சுடர் காணும் கருவியை மறைத்தால் நிற்கிறதா? 'ஆம்' என்ற விடையைக் கண்ணால் கண்டு, கையெழுத்திட்டு வைக்கவேண்டும்.

காவல் கருவி அடிக்கடி வாயுவை நிறுத்தி வேலைக்கு இடைஞ்சல் செய்கிறதென்று, ஒரு துண்டுக் கம்பியால் அதை ஏமாற்றி இணைத்துவிடும் வழக்கம் பல தொழிற்கூடங்களில் உண்டு. இதைவிடப் பெரிய அக்கிரமம் வேறில்லை. இரவுக் காவற்காரன் கூச்சலிட்டு எழுப்புகிறான் என்பதற்காக அவன் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குகிறவனை நாம் புத்திசாலி என்போமா?

ஈரத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். புதிதாகக் கட்டிய சூளையின் நெருப்புச் செங்கல்லிலும் அதைச் சேர்த்த காரையிலும் ஏராளமான நீர் அடங்கியிருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 1,700 லிட்டர் இடத்தைக் கேட்கிறது. நிதானமாகச் சூடேற்றினால் அந்த ஆவி நுண்துளைகள் வழியே மெல்ல வெளியேறும். அவசரமாகச் சூடேற்றினால் வழியில்லாமல் சுவரைப் பிளந்துகொண்டு புறப்படும். ஆகையால் நீர் கொதிக்கும் சூட்டுக்கருகில் பல மணிநேரம் நிறுத்தி, பின்னர் படிப்படியாக ஏற்றவேண்டும். எத்தனை மணிநேரம் என்பதைச் சுவரின் கனத்தையும் காரையின் வகையையும் அறிந்து, கட்டியவர் எழுதித் தரவேண்டும். மட்பாண்டத்தை முதலில் நிழலிலும் பின்னர் வெயிலிலும் உலர்த்திய பிறகே சூளையில் வைக்கவேண்டும் என்பது நமது வேளாருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த பாடம். பானைக்குக் காட்டும் பொறுமையைச் சூளைக்கும் காட்டவேண்டும் என்பதைத் தவிர இதில் புதிய சாஸ்திரம் ஒன்றுமில்லை.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் மாண்டதன் பலனாக, மறுவருஷமே வங்காளத்தில் பாய்லர்களைப் பரிசோதிக்க ஒரு சட்டம் பிறந்தது. அது வளர்ந்து 1923-ல் இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டமாயிற்று. 2025-ல் அதற்குப் பதிலாகப் புதிய பாய்லர் சட்டம் நிறைவேறியது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1905-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் பிராக்டன் நகரில் ஒரு பூட்ஸ் தொழிற்சாலைப் பாய்லர் வெடித்து 58 பேர் மாண்ட பின்பே அங்கே கண்டிப்பான விதிகள் ஏற்பட்டன. பிணங்கள் விழுந்த பிறகு சட்டம் வருவது உலக வழக்கமாகவே இருந்துவருகிறது. வருவதற்குமுன் வரும்படி செய்வதல்லவா சுதந்திர நாட்டின் பெருமை?

ஆனால் பாய்லர் சட்டம் நீராவிக்கே உரியது. அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் பாத்திரம் 25 லிட்டர் கொண்டதாயினும் அதற்குப் பதிவும் பரிசோதனையும் சான்றிதழும் உண்டு. ஓர் அறையளவு பெரிதாக நின்று ஆயிரத்து இருநூறு டிகிரிச் சூட்டில் எரியும் சூளைக்கு அவ்விதத் தனிச் சான்றிதழ் இல்லை. வாயுவைச் சேமிக்கும் சிலிண்டர்களுக்கும் தொட்டிகளுக்கும் வெடிபொருள் இலாகாவின் விதிகள் இருக்கின்றன. அந்த வாயு எரியும் இடத்துக்கு வந்ததும் காவல் தளர்ந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது தொழிற்சாலைச் சட்டம். 1948-ம் வருஷச் சட்டப்படி, மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால் அது தொழிற்சாலையாயிற்று. 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அமுலுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்போ, அந்த எண்ணிக்கையை 20 ஆக உயர்த்திவிட்டது. விருத்தாசலத்துப் பட்டறைகளில் எத்தனை இருபதை எட்டும்? வாயுவும் நெருப்பும் தலையெண்ணிப் பார்த்து வெடிப்பதில்லை. ஆபத்து நிறைந்ததென்று மத்திய சர்க்கார் அறிவிக்கும் தொழிலில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் தொகுப்பு பொருந்தும் என்று அதிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தை உபயோகிக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

சிறு முதலாளிகளின் கஷ்டத்தை நாம் அறியாதவர்கள் அல்ல. கடன் வாங்கிச் சூளை கட்டியவருக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. கொலுவுக்கு முன் பொம்மை போய்ச் சேராவிட்டால் ஒரு வருஷத்து உழைப்பு வீண். "இன்னும் ஒரு வாரம் பொறு" என்று சொல்லுவது சுலபம், பொறுப்பது கடினம். ஆனால் அவர் ஒன்றை யோசிக்கவேண்டும். வெடித்த சூளைக்கு ஒரு வாரமா செலவாகும்? இறந்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு, கோர்ட்டு, வழக்கு, மூடிய பட்டறை, திரும்பி வராத தொழிலாளர் ஆகிய இவையெல்லாம் சேர்ந்தால் அந்த முதலாளி மறுபடி தலைதூக்க முடியுமா? மேலும் சிறு பட்டறையில் சூளைக்கு அருகில் நிற்பவர்களில் அவருடைய தம்பியும் மகனும் இருக்கிறார்கள். பாதுகாப்பு என்பது முதலாளி தொழிலாளிக்குச் செய்யும் தர்மம் என்று எண்ணுவது தவறு. இருவருடைய உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

ஆகவே செய்யவேண்டியவை என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலாவதாக, தொழிலாளர் எண்ணிக்கை எதுவாயினும், எரிவாயுவால் எரியும் புதுச் சூளை எதற்கும் முதல் நெருப்புக்குமுன் எழுத்துமூலமான சான்றிதழ் கட்டாயமாக்கப்படவேண்டும். அதைத் தருகிறவர் சூளையை விற்றவராகவும் இருக்கக்கூடாது, வாங்கியவராகவும் இருக்கக்கூடாது. தன் கட்சிக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள எந்த நியாயஸ்தலமும் அனுமதிப்பதில்லை. நெருப்பு விஷயத்தில் மட்டும் ஏன் அனுமதிக்கவேண்டும்?

இரண்டாவதாக, இந்த வேலைக்கு விருத்தாசலத்தில் ஆள் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் அங்கேயே இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மேற்பார்வையில், பயிலகத்து ஆசிரியர்களையும் அனுபவமுள்ள சூளைக்காரர்களையும் கொண்டு ஒரு சிறு பரிசோதனைக் குழுவைச் சர்க்கார் அமைக்கலாம். சிறு பட்டறைகளுக்குக் கட்டணம் வாங்கக்கூடாது. புதுச் சூளைக்கு மானியம் தரும் சர்க்கார், அந்த மானியத்தின் கடைசித் தவணையைச் சான்றிதழைப் பார்த்தபின் கொடுத்தால், சட்டம் செய்யாததைப் பணம் செய்துவிடும்.

மூன்றாவதாக, விற்பவர் யந்திரத்தை இறக்கிவிட்டுக் கைகழுவிப் போகக்கூடாது. ஓட்டும் முறையையும் நிறுத்தும் முறையையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். ஆங்கிலப் புத்தகத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, "எல்லாம் எழுதிக் கொடுத்தோமே" என்பது சாக்கு. அதைப் படிக்கவேண்டியவர் சூளையண்டை நிற்கும் தொழிலாளி. அவர் பாஷையில் இல்லாத எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று.

நான்காவதாகவும் முக்கியமாகவும், முதல் நெருப்பு மூட்டும் நாளில் தொழிலாளிகளில் யாரேனும் ஒருவர் "நிறுத்து" என்றால் நிறுத்தவேண்டும். அப்படிச் சொன்னதற்காக அவர் வேலையோ கூலியோ போகக்கூடாது. அன்று அத்தியாவசியமானவர்களைத் தவிர மற்றவர் யாரும் சூளையருகில் நிற்கலாகாது. பூஜையை முதல்நாளே செய்துவிட்டு, பிள்ளைகளையும் பெண்டுகளையும் விருந்தினரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு நெருப்பு வைப்பது சம்பிரதாயத்துக்கு விரோதமாகாது. தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கூலிக்கும் போனஸுக்கும் போராடுவது போலவே, வெடிக்காத சூளைக்கும் போராடவேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேரில் மிகுந்த அபாயமான வேலையை மிகக் குறைந்த உரிமையுள்ளவரிடம் தள்ளிவிடும் முறையை நெய்வேலி நமக்குக் காட்டிவிட்டது. விருத்தாசலத்தில் அது வேரூன்ற இடம் கொடுக்கலாகாது.

நாட்டில் தொழில் பெருகவேண்டும். நமது மண்ணிலிருந்து நமது கைகளால் செய்த பண்டங்கள் நமது வீடுகளை நிரப்பவேண்டும் என்று ஆசைப்படாத தமிழன் இல்லை. ஆனால் அந்தப் பண்டத்தின் விலையில் ஒரு மனிதன் உயிரும் சேர்ந்திருந்தால், அதைச் சுதேசிப் பண்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள நமக்கு நா எழாது. புதுச் சூளை கட்டுவோர் நல்ல நாள் பார்க்கட்டும். நல்ல நேரமும் பார்க்கட்டும். அதற்குமுன் விசிறியையும் வால்வையும் சுவரின் ஈரத்தையும் பார்க்கட்டும். முதலமைச்சரும் தொழில் மந்திரியும் தொழிலாளர் நல மந்திரியும் இதைக் கவனித்து, அடுத்த விபத்துக்குக் காத்திராமல் இப்போதே உத்தரவு பிறப்பிக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.